கொட்டியாரக் கரையில் கொடுத்த வாக்கு

திருகோணமலைப் பக்கத்தில் எழுபது தாண்டிய ஒருவரிடம் சுகம் விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "சாவுக்குப் பயமில்லைத் தம்பி. கிடையில கிடந்து பிள்ளையளுக்குப் பாரமாயிராமல் போய்ச் சேர்ந்திடவேணும்." சொல்பவர் சைவராயிருக்கலாம், முஸ்லிமாயிருக்கலாம், கத்தோலிக்கராயிருக்கலாம். பதில் மாறுவதில்லை. இந்தச் சாதாரண பேச்சில் இரண்டு பயங்கள் தனித்தனியே நிற்கின்றன. சாவு ஒன்று, கிடை இன்னொன்று.

பிரசங்க பீடத்தில் இந்த இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். விசுவாசிக்கு மரண பயம் இல்லை என்ற முழக்கம் கேட்க எழுப்பமாக இருக்கும். ஆனால் நோயாளியின் அறையில் எழும் கேள்வி வேறு. நாளைக்குச் செத்தால் பரவாயில்லை, இன்று இரவை எப்படிக் கழிப்பது? யார் பக்கத்தில் இருப்பார்கள்? கிறிஸ்தவ நம்பிக்கையை உரசிப் பார்க்க வேண்டிய கல் இந்தக் கேள்விதான். அதற்கு உரோமாபுரி வேதசாட்சிகள் வரை போகவேண்டியதில்லை. துறைமுகத்தின் மறுகரைக்குப் போனால் போதும்.

கொட்டியாரக் குடாவின் தென்கரையில் இருக்கிறது மூதூர். பாலங்கள் வருவதற்கு முன் நகரத்திலிருந்து அங்கே போக லோஞ்ச் பிடிக்கவேண்டும். மூதூர்ப் பகுதியில் 1893இல் நாட்டப்பட்ட ஒரு நினைவுக்கல் உண்டு. அந்த இடத்தில் நின்ற புளியமரத்தை அது வெள்ளைக்காரன் மரம் என்று குறிக்கிறது. 1660 ஏப்ரலில் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர் பிடிபட்டது அந்த மரத்தடியில்தான். அவருடைய மகனுக்கும் அதே பெயர். அப்போது மகனுக்கு வயது 19.

அவர்களுடைய ஆன் என்ற கப்பல் 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலில் சிக்கிப் பாய்மரத்தை இழந்தது. புதிய மரம் தேடித்தான் கொட்டியாரத்துக்கு வந்தார்கள். கண்டியில் அப்போது இரண்டாம் இராஜசிங்கன் ஆட்சி. அரசனுடைய திசாவை ஆட்களோடு வந்து இறங்கினான். கரையில் இருந்த தலைவரும் மகனும் மாலுமிகளும் பிடிபட்டார்கள். கப்பலையும் ஆற்றுக்குள் கொண்டுவரச் செய்யவேண்டும் என்பது திசாவையின் எண்ணம். தந்தையின் கட்டளையைக் கப்பலில் இருப்பவர்களிடம் கொண்டுபோக மகனை அனுப்ப அவன் சம்மதித்தான்.

தந்தை மகனைத் தனியே அழைத்தார். கப்பல் உள்ளே வரவேண்டாம், தப்பிப் போகட்டும் என்று சொல்லச் சொன்னார். அதோடு இன்னொன்றும் சொன்னார். தன்னை இந்த நிலையில் விட்டுப் போய்விடாதே, திரும்பி வா என்று, இறுதித் தீர்ப்பு நாளில் கணக்குக் கொடுக்கவேண்டும் என்பதையும் நினைவூட்டி மகனிடம் வாக்கு வாங்கினார். மகன் கப்பலுக்குப் போனான். கப்பல் தப்பியது. அவனும் தப்பியிருக்கலாம், தடுக்க அங்கே யாருமில்லை. கொடுத்த வாக்குக்காகப் படகேறிச் சிறைக்குத் திரும்பி வந்தான்.

இந்த இடத்தை அவசரமாகக் கடந்துவிடக்கூடாது. கடலில் முடி நரைத்த ஒரு மனிதர், கடவுள் நம்பிக்கையில் தோய்ந்தவர், தனியே விடப்படப் பயந்தார். பெற்ற மகனை விடுதலையாகப் போகவிட அவரால் முடியவில்லை. இதை அவருடைய குறையாகச் சொல்வது எளிது. ஆனால் நற்செய்தி நூல்களில் இன்னொருவர் இதே வேண்டுதலைச் செய்திருக்கிறார். கெத்சமனித் தோட்டத்தில் இயேசு மூன்று நண்பர்களை அழைத்துப்போய், தன்னோடு விழித்திருக்கச் சொன்னார். அவர்கள் தூங்கிப்போனார்கள். சாவின் முன் நடுங்கியவரை, துணைக்கு ஆள் தேடியவரை ஆண்டவராக ஏற்ற சமயம் இது. அதன் அடியார் ஒருவர் நடுங்கினால் அதில் வெட்கத்துக்கு இடமில்லை.

பிடிபட்டவர்களை உள்நாட்டுக்குக் கொண்டுபோய் ஊர் ஊராகப் பிரித்து வைத்தார்கள். தந்தையும் மகனும் பண்டாரகொஸ்வத்தை என்ற ஊரில் விடப்பட்டார்கள். இருவருக்கும் குளிர்காய்ச்சல். பணிவிடைக்குப் பரங்கிப்பேட்டையிலிருந்து கூட்டிவந்த ஒரு பையன் மட்டும் இருந்தான். படிக்க இரண்டு பக்திப் புத்தகங்கள் இருந்தன. அவற்றையே திரும்பத் திரும்பப் படித்து ஏறக்குறைய மனப்பாடம் ஆகிவிட்டது.

1661 பெப்ரவரி 9. தந்தை மகனைக் கட்டிலருகே கூப்பிட்டார். மகனுக்கும் அன்று கடும் காய்ச்சல். தன் உயிர் பிரிந்துகொண்டிருப்பது தெரிகிறது, இன்றிரவே கடவுள் இந்தச் சிறையிலிருந்து தன்னை விடுவிப்பார் என்றார். சாவு ஒரு மனிதனுக்கு இவ்வளவு இலகுவாகவும் விரும்பத்தக்கதாகவும் இருக்கும் என்று வாழ்நாளில் நினைத்ததே இல்லை, இப்போது உணரும் மகிழ்ச்சியைச் சொல்ல வார்த்தை இல்லை என்றார். இதுவே கடைசிப் பேச்சு, இங்கிலாந்தில் இருக்கும் உன் சகோதரனிடமும் சகோதரியிடமும் சொல் என்று கேட்டுக்கொண்டார். அன்றிரவு இறந்துபோனார்.

பத்தே மாதத்தில் ஒரு மனிதர் இவ்வளவு மாறிவிட்டார். மகன் பிற்காலத்தில் எழுதிய புத்தகம் இதற்கு விளக்கம் எதுவும் தருவதில்லை, கடவுளின் அருள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அருள்தான். ஆனால் அது எந்த வழியாக வந்தது என்று கேட்டுப் பார்க்கலாம். ஏப்ரலில் அவர் கேட்டது உயிரை அல்ல, துணையை. கேட்ட துணை படகேறித் திரும்பி வந்தது, காய்ச்சலோடு கட்டிலருகே உட்கார்ந்திருந்தது. மகன் அன்று கப்பலோடு போயிருந்தால், பண்டாரகொஸ்வத்தையில் அந்த இரவு எப்படிக் கழிந்திருக்கும்? பயமின்றிச் சாவது தனி மனிதனின் வீரச்செயல் என்று நினைத்துப் பழகிவிட்டோம். பெரும்பாலும் அதற்குள் இன்னொருவர் திரும்பி வந்த கதை ஒன்று இருக்கும். கிறிஸ்தவர்கள் கடவுளைப் பற்றிச் சொல்வதும் அடிப்படையில் இதைத்தான்: வரவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லாதவர் வந்தார், கூட இருந்தார்.

விடிந்தபின் நடந்ததை மகன் மறைக்காமல் எழுதியிருக்கிறான். அடக்கத்துக்கு உதவி கேட்டபோது ஊரார் மாடு கட்டும் பெரிய கயிறு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கழுத்தில் கட்டி இழுத்துப் போகச் சொன்னார்கள். எழுந்து நிற்கவும் வலுவில்லாத மகன் கையில் இருந்த பணத்தைக் கொடுத்துக் குழி தோண்ட ஆள் பிடித்து, தந்தையை மரியாதையாக அடக்கம் செய்தான். முந்திய இரவு சாவு இலகுவாக வந்தது. மறுநாள் காலை அதன் சுமை முழுவதும் 20 வயதுப் பையன் தலையில் விழுந்தது. சாவின் பயத்திலிருந்து தந்தைக்கு ஒரே இரவில் விடுதலை. கிடையின் பயம் மகனுடைய பங்காயிற்று.

அவன் குளிர்காய்ச்சல் மாதக்கணக்கில் நீண்டது. வயல்வெளியில் தனியே உட்கார்ந்து, எலியா இறைவாக்கினர் மரத்தடியில் கேட்டதுபோல, உயிரை எடுத்துக்கொள்ளும்படி கடவுளிடம் கேட்டான். செத்தவர்கள்மேல் அவனுக்குப் பொறாமை வந்தது. அவனுக்குச் சாவு பயமாக இல்லை, வாழ்வுதான் பயமாக இருந்தது. ஒருநாள் பணிவிடைப் பையன் மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது வழியால் போன கிழவர் ஒருவர், உன் முதலாளிக்கு வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார். போர்த்துக்கேயர் கொழும்பை ஒல்லாந்தரிடம் இழந்த நாட்களில் கையில் அகப்பட்ட ஒரு புத்தகம் கிழவரிடம் இருந்தது. அது ஆங்கில விவிலியம்! கையில் இருந்த எல்லாவற்றையும் கொடுத்துவிட நொக்ஸ் துடித்தபோது பையன் தடுத்தான். கடைசியில் பின்னல் தொப்பி ஒன்றுக்கு வியாபாரம் முடிந்தது. விரித்த இடம் திருத்தூதர் பணிகள் 16ஆம் அதிகாரம், சிறைக் காவலன் ஒருவன் பவுலிடம் மீட்புக்கு வழி கேட்கும் பகுதி. சிறையிலிருந்தவன் கண்ணில் முதலில் பட்டது சிறைச்சாலைக் கதை.

புத்தகம் கிடைத்ததும் கதவு திறந்துவிடவில்லை. 1679 ஒக்டோபரில் காட்டு வழியாக நடந்து மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடையும்வரை அவன் கைதிதான். பிடிபட்டதிலிருந்து பத்தொன்பதரை ஆண்டுகள். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவனுடைய இலங்கை வரலாறு இன்றைக்கும் வரலாற்றாசிரியர்களுக்குக் கைநூல்.

இங்கே கதையை முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் நேர்மையாக இராது. அதே நொக்ஸ் பின்னர் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல் தலைவராகி, சென் ஹெலனாத் தீவுக்கு அடிமைகளைக் கொண்டுவர மடகஸ்காருக்குப் போனார். இருபது ஆண்டு சிறைவாசம் பிறருடைய சிறையை உணரக் கற்றுக்கொடுக்கவில்லை. பாடுபட்டவன் எல்லாம் பக்குவப்பட்டுவிடுவான் என்று சொல்லித் துன்பத்தை மெச்சும் போதகர்கள் இந்தப் பக்கத்தையும் படிக்கவேண்டும். துன்பம் தானாக யாரையும் புனிதராக்குவதில்லை. புத்தகத்தில் பெயர்கூட இல்லாமல் போன பரங்கிப்பேட்டைப் பையனைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? அவனும் கடல் கடந்து வந்து சிறைப்பட்டவன்தானே.

திருகோணமலையில் கிறிஸ்தவம் எந்த முகத்தோடு வந்தது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களால் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரின் பாய்மரங்களிலும் சிலுவை இருந்தது. அந்தச் சிலுவைக்கும் நோயாளியின் தலைமாட்டில் தொங்கும் சிலுவைக்கும் வெகுதூரம். பின்னதைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் இயேசுவின் துன்பத்தைப் பாடுகள் என்கிறார்கள். அருமையான சொல். வயலில் வேலை செய்பவர் பாடுபடுகிறார். கரைவலை இழுப்பவர்கள் தங்கள் வலைக்குரிய கரையையே பாடு என்பார்கள். தவக்காலத்தில் சிலுவைப் பாதை செய்பவரின் வாயில் இந்தச் சொற்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடுகின்றன. கடவுளின் பாடு, தன் பாடு, பிழைப்புப் பாடு. கல்வாரியை எங்கோ பலஸ்தீனத்தில் நடந்ததாக அல்லாமல் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்துவிட்டது தமிழ்.

இன்னொரு சொல்லின் கதையும் சொல்லத்தக்கது. நோயாளிக்கு எண்ணெய் பூசும் திருவருட்சாதனத்தைப் பழைய கத்தோலிக்கர் அவஸ்தைப்பூசுதல் என்பார்கள். அவஸ்தை என்றால் உயிர் போகும் வேளை. கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று ஒவ்வொன்றிலும் பூசி ஐம்புலனின் பாவமும் நீங்க மன்றாடுவார்கள். சுவாமியார் எண்ணெய்ச் சிமிழோடு படியேறினால் ஆள் முடிந்தது என்றே அர்த்தம். அதனால் நோயாளி பயந்துவிடுவார் என்று கடைசி நிமிடம்வரை அவரைக் கூப்பிடாமல் இருந்த வீடுகள் அநேகம். ஆறுதலாக வரவேண்டியவர் யமதூதனைப் போல் ஆகிப்போனார். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதை நோயில்பூசுதல் என்று அழைப்பதே பொருத்தம் என்றது. 1972 நவம்பரில் ஆறாம் பவுல் சடங்கைப் புதுப்பித்தார். இப்போது நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் மட்டும் பூசுகிறார்கள். பாரிய சத்திரசிகிச்சைக்கு முன்பும் பெறலாம், முதுமையின் தளர்ச்சியிலும் பெறலாம். பெயர்தான் மாறியது என்று சிலர் நினைக்கிறார்கள். மாறியது பெரிய விஷயம். சாவின் நேரத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த கடவுளைத் திருச்சபை கிடையின் பக்கமும் அழைத்து வந்தது.

நல்ல மரணத்துக்குப் பாதுகாவலர் புனித சூசையப்பர். இயேசுவும் மரியாளும் இரு பக்கமும் இருக்க அவர் உயிர்விட்டார் என்பது மரபு, அதனால்தான் அவருக்கு அந்தப் பொறுப்பு. ஐம்பத்து மூன்று மணிச் செபம் சொல்பவர்கள் ஐம்பத்து மூன்று தடவையும் மரண வேளையில் மாதா துணை நிற்கவேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். இங்கேயும் வேண்டுதல் அதேதான்: தனியே விட்டுவிடாதே.

அந்தச் சூசையப்பர் பெயரால் திருகோணமலையில் ஒரு கல்லூரி இருக்கிறது. அங்கே பணியாற்றியவர்களில் ஒருவர் அருட்தந்தை யூஜின் ஹீபேர்ட். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1923இல் பிறந்து, இயேசு சபையில் சேர்ந்து, 1948இல் இலங்கைக்கு வந்தவர். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியே பெயர் வாங்கினார். இன்று முதியவர்களாகிவிட்ட பழைய மாணவர்கள் அவரை நினைப்பது பூசைப் பீடத்தைவிட விளையாட்டு மைதானத்தில்தான். பிற்காலத்தில் மட்டக்களப்பில் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றை நடத்தி, இளைஞர்களுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுத்தார்.

1990 ஜூனில் உள்நாட்டுப் போர் மறுபடி மூண்டது. ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒன்பது நாட்களுக்குள் ஏறாவூரில் முஸ்லிம் குடும்பங்கள் வெட்டப்பட்டன. பழிக்குப் பழியாகத் தமிழர்கள் தெருவில் விழுந்தார்கள். அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருந்த 66 வயதுக்காரருக்கு ஊருக்குப் போக எல்லா நியாயமும் இருந்தது. அவர் வாழைச்சேனைப் பக்கம் சிக்கியிருந்தவர்களுக்கு உதவ அந்தப் பாதையில் போனார். ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். ஒரு தமிழ் இளைஞரைக் கூட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பப் புறப்பட்டார். இருவரும் வந்து சேரவில்லை. உடல்களும் கிடைக்கவில்லை. யார் கொண்டுபோனார்கள் என்பது எந்த நீதிமன்றத்திலும் நிறுவப்படவில்லை.

இயேசு சபையார் இளமையிலேயே இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சிகளைச் செய்கிறார்கள். உடல்நலத்தை நோயைவிட, நீண்ட ஆயுளைக் குறுகிய ஆயுளைவிடப் பெரிதாக விரும்பாதிருக்கவேண்டும் என்பது அதன் அடித்தளப் பாடம். படிக்கும்போது மனிதருக்கு ஆகாத ஒன்றாகத்தான் தோன்றும். மண் வாசனை அறியாத துறவிகளின் கணக்கு என்றும் தோன்றும். ஆனால் ஹீபேர்டின் விஷயத்தில் அது பற்றில்லாமை ஆகவில்லை. 42 ஆண்டுகள் ஒரு கரையோரத்து மக்களோடு கட்டுண்டு கிடந்ததால்தான் அவரால் அந்தப் பாதையில் போக முடிந்தது. அன்று அவருக்குப் பயம் இருந்திருக்காது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. பயத்தோடும் போயிருக்கலாம்.

அவருடைய மரணம் நல்ல மரணமா? சூசையப்பருக்குப் போல இரு பக்கமும் ஆள் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்தது இன்னொரு பலியாள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் தெருவோரப் பந்தல்களில் உட்கார்ந்து கேட்பதும் இதைத்தான்: கடைசி நேரத்தில் என் பிள்ளைக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள்? மரணச் சான்றிதழ் தருகிறோம் என்றால் வாங்க மறுக்கும் தாய்மார் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், உங்கள் பிள்ளை பரலோகத்தில் இருக்கிறான் என்று சொல்வது ஆறுதல் ஆகாது. உயிர்ப்பின் நம்பிக்கையைத் தூக்க மாத்திரையாகக் கொடுப்பது பாவம். திருச்சபையின் நாட்காட்டியில் பெரிய வெள்ளிக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் நடுவில் ஒரு சனிக்கிழமை இருக்கிறது. அன்று பகலில் திருப்பலி இல்லை, பீடத்தில் விரிப்பும் இல்லை. அந்தத் தாய்மார் ஆண்டாண்டாக அந்தச் சனிக்கிழமையில் வாழ்கிறார்கள். அவர்களோடு அந்த நாளில் உட்காரத் தெரியாதவருக்கு ஞாயிறைப் பற்றிப் பேச உரிமை இல்லை.

மூதூருக்கே மீண்டும் வரலாம். 2006 ஆகஸ்ட் 4ஆம் திகதி அங்கே பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் தங்கள் அலுவலக வளவிலேயே கொல்லப்பட்டார்கள். இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. இப்படிப்பட்ட சாவுகளுக்கும், 2004 டிசம்பர் 26இல் கடல் வாரிக்கொண்டு போன உயிர்களுக்கும் காரணம் கண்டுபிடித்துச் சொல்ல எப்போதும் ஒருவர் தயாராக இருப்பார். பாவத்தின் தண்டனை என்பார், கடவுளின் திட்டம் என்பார். லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில், சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேரைப் பற்றி இயேசுவே பேசுகிறார். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. லாசரின் கல்லறை முன் நின்றபோதும் அவர் விளக்கம் சொல்ல முந்தவில்லை. முதலில் அழுதார்.

நவம்பர் 2ஆம் திகதி, இறந்தோரின் நினைவு நாளில், சேமக்காலைகள் மெழுகுதிரியால் நிறையும். குழி எங்கே என்று தெரியாதவர்களுக்காக நடுச்சிலுவையின் அடியில் ஏற்றுவார்கள். இந்த ஆண்டு சேமக்காலைக்குப் போகும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். போகும் வழியில் உங்கள் தெருவில் கிடையில் கிடக்கும் ஒருவரின் வீட்டுக்குள் ஏறுங்கள். எந்தச் சமயத்தவராயிருந்தாலும் சரி. பாயோரத்தில் உட்காருங்கள். பயமாயிருக்கிறதா என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருங்கள், பதில் தேடவேண்டாம். எழும்பும்போது நாளைக்கும் வருவேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொன்னபடி நாளைக்கும் போங்கள்.